நாலாம் தரம் அடிக்காத போன்

மகன்,

உன் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. மெல்பேர்ன் பக்கம் நோபல் பார்க்கிலிருந்து வரப்போகும் சம்பந்தி வீட்டாரின் சூட்கேசுகளுக்கு இடம் வேண்டுமென்று உன் அம்மா என்னைக் கராஜைத் துப்புரவாக்க அனுப்பினாள். உடைந்த காற்றாடிக்குப் பின்னால் ஒரு சப்பாத்துப் பெட்டி அகப்பட்டது. திறந்தால், என் விசிட்டிங் கார்டுகள். என் பெயர், அதற்குக் கீழே தங்க எழுத்தில் 'சர்வதேசக் குத்துச்சண்டை மேனேஜர்'. ஐந்நூறு அடித்ததில் நானூற்று எண்பத்தெட்டு மிச்சம். குறைந்த பன்னிரண்டும் யாரிடம் போயின என்று எனக்கு நல்ல ஞாபகம். ஒன்பது கோயிலில், இரண்டு வென்ட்வேர்த்வில் ரயிலில், ஒன்று பல் வைத்தியரிடம், அதுவும் அவருடைய கை என் வாய்க்குள் இருந்தபோது. குத்துச்சண்டையோடு சம்பந்தப்பட்ட ஒரு மனிதருக்கும் ஒரு கார்டும் போகவில்லை. நீ சிரிப்பாய். சிரி. சிரிக்கக்கூடியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தின் பின்பாதியில் உனக்குச் சிரிப்பு வராது.

இதைப் போனில் சொல்ல மூன்று தரம் உனக்கு அழைப்பு எடுத்தேன். மூன்று தரமும் மண்டபத்துச் சாப்பாட்டில் கத்தரிக்காய்க் கறி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். விஷயம் இதுதான். போன வருஷம் உன்னுடைய அமெரிக்கச் சண்டையை யாரும் உன்னிடமிருந்து பறிக்கவில்லை. நான்தான் தொலைத்தேன். எப்படி என்று கடைசிவரை வாசி. நடுவில் எழும்பிப் போகாதே. நீ எழும்பிப் போகிற ஆள் என்று எனக்குத் தெரியும், அந்தக் குணம் என் பக்கத்துக் குணம்.

2009 கடைசியில் நீ முதல்தரம் காசுக்குச் சண்டை பிடித்ததை நினைத்துப் பார். பரமற்றாப் பக்கத்தில் ஒரு கிளப். அந்த வருஷம் எங்கள் சனத்துக்கு எதைப் பார்த்தும் கைதட்ட மனம் வராத வருஷம். ஊர்ச் செய்தி பார்த்துப் பார்த்து எல்லாருடைய முகமும் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தது. பத்துப் பேராவது வந்தால் போதும் என்று டிக்கெட் விற்றேன், எழுபது பேர் வந்தார்கள். படகில் வந்து, விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்த நாலு பெடியள் வேலை உடுப்போடு முன் வரிசையில் நின்று "அடியடா, அடி, விடாத!" என்று கத்தினார்கள். நீ இரண்டாம் சுற்றிலேயே அந்த வெள்ளைக்காரனை விழுத்தினாய். உன் அம்மா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தியபடி, "விழுந்தது ஆரப்பா, எங்கட பிள்ளையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கதிரைக்கு மேல் ஏறி நின்று பதில் சொன்னேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்த நோய் பிடித்தது. உன் கோச் மிக் பயிற்சியைப் பார்க்கட்டும், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று எனக்கு நானே பதவி கொடுத்தேன். அடுத்த கிழமை கார்ட் அடிக்கக் கொடுத்தேன்.

மிச்சம் என்றால் காசும் வரியும். அதற்கு என்னைவிட்டால் ஆள் யார்? கொழும்பில் மூன்று வருஷம் வரிக் கந்தோரில் வேலை பார்த்தவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு வென்ட்வேர்த்வில்லில் பாதிச் சனத்துக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். சனிக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள், அம்மா குசினிக்குள் நின்று ரீ ஊற்றி ஊற்றிக் களைப்பாள். இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கொழும்புக் கந்தோரில் என் வேலை, ஒரு மேசையில் இருக்கிற கோப்பை இன்னொரு மேசைக்குக் கொண்டுபோய் வைப்பது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே வந்த பிறகு, சம்பளக்காரர்களின் சின்னப் படிவங்களை நிரப்பப் பழகினேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால், 'தெரியாது' என்ற சொல் இருபது வருஷமாக என் வாயில் வரவில்லை.

போன வருஷம் அந்தப் போன் வந்தது. லாஸ் வேகஸில் ஒரு பெரிய சண்டைக்கு முன்னால் நடக்கிற சண்டை. ஒருத்தனுக்குக் கை முறிந்துவிட்டது, ஆறு கிழமையில் ஆள் வேண்டும். ஒன்றரை லட்சம் அமெரிக்க டொலர். அதுவரை நீ ஒரு சண்டைக்கு வாங்கிய ஆகக் கூடிய காசு ஆறாயிரம். பேசியவர் விக் என்று ஒரு மனிதர், நல்ல மரியாதையான ஆள், என்னை 'சேர்' என்றார். அதுவே எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் அங்கே சண்டை பிடித்தால், நூற்றுக்கு முப்பதை அங்கத்தைய அரசாங்கத்துக்குப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருவோம் என்று சொன்னார். நான் பேனையை எடுத்தேன். அங்கே முப்பது. அதை இங்கே கொண்டுவந்தால் இங்கேயும் நாற்பதுக்குக் கிட்டப் போகும். முப்பதும் நாற்பதும் எழுபது.

"அடி எங்கட பிள்ளைக்கு, காசு ரெண்டு அரசாங்கத்துக்கு" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"உங்களுக்கு வடிவாத் தெரியுமோ? தெரியாட்டி ஆரிட்டையும் கேளுங்கோவன்."

"ஆரிட்டைக் கேக்கிறது? எல்லாரும் என்னட்டையெல்லே கேக்கினம்."

அவள் குசினிக்குள் திரும்பினாள். கரண்டியைக் கழுவினாள். கழுவின கரண்டியையே திரும்பவும் கழுவினாள்.

நான் விக்கிடம் கேட்டது இதுதான். வரி முழுவதும் உங்கள் தலையில். குடும்பத்துக்கு ஐந்து விமான டிக்கெட். கையெழுத்து அட்டமி, நவமியில் வைக்கமாட்டோம். கடைசி நிபந்தனையை அந்த மனிதருக்கு விளங்கவைக்க இருபது நிமிஷம் எடுத்தது. வரியைப் பற்றித் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, அது எல்லாருக்கும் ஒன்றுதான், வேண்டுமானால் பத்தாயிரம் கூட்டித் தருகிறேன் என்றார். எனக்குள் மத்தாப்பு எரிந்தது. பார்த்தாயா, ஆள் இறங்கி வருகிறான்! வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள், தங்கள் நேரப்படி, முடிவு வேண்டும் என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்கள் குடும்பமாக யோசித்துச் சொல்கிறோம்" என்றேன்.

மகன், நீ இங்கே வளர்ந்தவன், இந்த வசனத்தின் கனம் உனக்குத் தெரியாது. என்னுடைய கலியாணப் பேச்சில் உன் அப்பப்பா மூன்று தரம் இதைத்தான் சொன்னார். "யோசிச்சுச் சொல்லுறம்." எங்கள் ஆட்களுக்குள் அதன் அர்த்தம், எங்களுக்குச் சம்மதம், ஆனால் இன்னொரு தரம் வாருங்கள், வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள் என்பது. முதல்தரம் வந்தவுடன் ஓம் என்று சொன்னால் மாப்பிள்ளையில் ஏதோ குறை என்று நினைப்பார்கள். உன் அம்மாவின் வீட்டார் நாலாம் தரம் வந்தபோது ஒரு காணித்துண்டையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பப்பா அந்த இடத்திலேயே எழும்பி நின்று ஓம் என்றார். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று ஊரே பேசியது. அந்தக் காணியை நான் ஒருநாளும் உழவும் இல்லை, விற்கவும் இல்லை. ஆறு வருஷத்தில் இராணுவம் முள்ளுக்கம்பி அடித்தது, இன்றைக்கும் அது முள்ளுக்கம்பிக்கு உள்ளேதான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் பலன் அவ்வளவுதான் என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. லாஸ் வேகஸ்காரனைப் பெண் வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டு காலுக்கு மேல் கால் போட்டு இருந்தேன்.

வியாழக்கிழமை மிக் போன் எடுத்தார். விக் அவரிடமும் பேசியிருக்கிறார். இந்தச் சந்தர்ப்பம் இன்னொரு தரம் வராது, உடனே ஓம் என்று சொல்லு என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இது எங்கள் குடும்ப விஷயம், நீ உன் கையுறைகளைப் பார் என்று சொன்னேன். அப்படியேதான் சொன்னேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை. அன்று பின்னேரம் நீ ஓடிவிட்டு வந்து, வியர்வையோடு கதவடியில் நின்று, "சைன் பண்ணியாச்சோ, அப்பா?" என்று கேட்டாய். "பேப்பர் வருகுது, மகன்" என்றேன். நீ சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாய். குளிக்கும்போது பாடினாய். நீ பாடுகிற ஆள் இல்லை.

அவர்களுடைய வெள்ளி பின்னேரம் எங்களுக்குச் சனி காலை. மேய்ஸ் ஹில் கோயிலில் நான் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துக்கொண்டு நின்றேன், உன் சண்டை நல்லபடி நடக்கவேண்டும் என்றுதான். போன் வேட்டி மடிக்குள் கிடந்து அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், அமெரிக்க நம்பர். பக்கத்தில் பலசரக்குக் கடைச் சிவா நின்றார்.

"ஆர் அண்ணை?"

"அமெரிக்கா."

"அப்ப எடுங்கோவன்!"

"எடுப்பம், எடுப்பம். அவசரப்பட்டால் விலை போயிடும்."

திரும்பவும் அதிர்ந்தது. "இப்ப ரெண்டாம் தரம்" என்று சிவாவுக்கு விரலைக் காட்டினேன். மூன்றாம் தரம் அதிர்ந்தபோது பின்னால் நின்ற இன்னும் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் போனை எல்லாருக்கும் தெரியத்தக்கதாகப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாம் தரம் எடுப்பது என்று முடிவு. எங்கள் வழக்கத்தில் நாலாம் தரம்தான் காணி வரும். பூசை முடிந்தது. சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். காரில் வந்து இருந்து போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் காருக்குப் பின்னால் வேறொரு கார் வெளியே போக வழியில்லாமல் ஹோர்ன் அடித்தது. போன் அடிக்கவில்லை.

அவர்களுடைய ஐந்து மணி தாண்டிய பிறகு நானே விக்குக்குப் போன் எடுத்தேன். அந்த நல்ல மனிதர் அப்போதும் 'சேர்' என்றுதான் சொன்னார். இடம் போய்விட்டது. பிரிஸ்பேன்காரன் ஒருத்தனைக் கேட்டார்களாம், இருபது நிமிஷத்தில் ஓம் என்றுவிட்டானாம். அவன் யாரென்று உனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் நீ எட்டுச் சுற்றும் ஓட ஓட அடித்துப் புள்ளியில் தோற்கடித்த ஆள். லாஸ் வேகஸில் அவன் ஏழாம் சுற்றில் விழுந்தான். விழுந்தும் அவனுக்கு அடுத்தடுத்து இரண்டு சண்டை கிடைத்தது, வீடு வாங்கினான் என்று கேள்வி. நீ அந்தச் சண்டையை ரீவியில் பார்த்தாய். நான் பக்கத்தில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். 'இந்த இடத்தில் நான் இடப்பக்கம் விலத்தியிருப்பன்' என்று நீ உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய். நான் கச்சான் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன்.

இவ்வளவும் மடைத்தனம். மடைத்தனத்தை நீ மன்னிப்பாய், எனக்குத் தெரியும், நீ அம்மாவின் பிள்ளை. இனி எழுதப்போவதுதான் கெட்டது. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து உன்னிடம், "அவங்கள் ஆளை மாத்திப்போட்டாங்கள், மகன்" என்றேன். நீ ஏன் என்று கேட்டாய். நான் அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக வரவில்லை. வாயில் வந்தது வெளியே விழுந்தது. "ஆருக்குத் தெரியும்? மிக்குக்கு அந்த பிரிஸ்பேன் பெடியன்ர ஆக்களையும் நல்லாத் தெரியுமெல்லே." மிக் உன்னை விற்றார் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷமாக என்னை நானே அப்படித்தான் சமாதானப்படுத்திக்கொண்டு வருகிறேன், நான் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை என்று. வம்பு கதைத்துப் பழகியவனுக்கு எதை முழுவதும் சொல்லக்கூடாது என்று நன்றாகத் தெரியும்.

நீ "இட்ஸ் ஆல்ரைட், அப்பா" என்றாய். திங்கட்கிழமை மிக்கின் ஜிம்முக்குப் போய் உன் கையுறைகளை எடுத்துக்கொண்டு வந்தாய். பதினான்கு வயதிலிருந்து உன்னைப் பழக்கிய மனிதரிடம் என்ன சொன்னாய் என்று நீ எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. புதுப் பயிற்சியாளனுக்குக் கீழே ஒரு சண்டை, மூன்றாம் சுற்றில் உன் புருவம் வெடித்தது. அதோடு விட்டாய். மின்சார வேலைக்கென்று மெல்பேர்னுக்குப் போனாய். ஒரு நல்லது, அங்கே மதுராவைக் கண்டாய். நான் தொலைத்ததில் உனக்குக் கிடைத்தது என்று கணக்கை நேராக்க இரண்டொரு தரம் முயன்று பார்த்தேன். அது நேராகவில்லை.

மதுரா என் பொய்யைப் பிடித்தது எப்படி என்று கேள். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவளுடைய தகப்பன், பெடியன் ஏன் அமெரிக்கா போகாமல் விட்டவன் என்று கேட்டார். ஆளை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? "போயிருந்தாலும் என்ன மிச்சம்? அங்க முப்பது, இங்க நாப்பது" என்று வரிப் பிரசங்கம் தொடங்கினேன். கணக்காளர் படிப்புப் படித்த பிள்ளை, வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இல்லை அங்கிள், அங்க பிடிச்ச வரியை இங்க கழிச்சு விடுவினம். ஃபோர்மில அதுக்கெண்டு ஒரு பெட்டி இருக்கு" என்றாள். ஒரு பெட்டி, மகன். நான் இருபது வருஷமாக நிரப்பாமல் தாண்டிப் போன ஒரு பெட்டி. எழுபதுமில்லை, ஒன்றுமில்லை. அங்கே கொடுத்ததற்கு மேல் இங்கே கொஞ்சம் கொடுக்கவேண்டி வந்திருக்கும், அவ்வளவுதான். நான் வடையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

அடுத்தநாள் எங்களை விமான நிலையத்துக்கு அவள்தான் கொண்டுபோனாள். அம்மா பின் சீற்றில் நித்திரை. பாதி வழியில், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அங்கிள், அவங்களோ மாத்தினவங்கள்? உங்கட கணக்கைப் பாத்தா, நீங்கள்தான் வேண்டாமெண்டிருப்பியள் போலக் கிடக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வேண்டாமெண்டு சொல்லேல்லை, பிள்ளை. யோசிச்சுச் சொல்லுறமெண்டுதான் சொன்னனான்."

"அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை."

முன்னால் போன லொறியை முந்தினாள். பிறகு, "நான் சொல்லமாட்டன். ஆனால் கலியாணத்துக்கு முதல் நீங்கள் சொல்லவேணும், அங்கிள். அவர் இப்பவும் மிக்கைப் பற்றி நித்திரையில கதைக்கிறவர்" என்றாள். உடனே காதுவரை சிவந்து, நித்திரையில் என்றதை எங்கே கேட்டாள் என்று நான் கேட்கப்போகிறேனோ என்று பயந்து, ரேடியோவைப் போட்டாள். நான் கேட்கவில்லை. பின் சீற்றிலிருந்து உன் அம்மா, கண்ணைத் திறக்காமலே, "சொல்லுவார், பிள்ளை" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை மிக்கின் ஜிம்முக்குப் போனேன். டயர்க் கடைக்குப் பின்னால், அதே இடம், அதே நாற்றம். உன் படம் சுவரில் இன்னமும் இருக்கிறது. மனிதருக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை, கேட்கிற பக்கத்துக்குச் சுற்றிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மிஸ்ட் கோல், பொங்கல் எல்லாம். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததே, நீ போய்க் கையுறைகளை எடுத்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். ஒருவனுடைய கைக்குச் சீலை சுற்றிக்கொண்டிருந்தவர் சுற்றி முடித்துவிட்டுத்தான் பேசினார். "நீ அவனுடைய தகப்பன். நான் என்னத்தைச் சொல்ல?" அவ்வளவுதான். கலியாணக் கார்டை நீட்டினேன். வாங்கினார், வாசித்தார், திருப்பித் தந்தார். "நீ கூப்பிட்டு நான் வரமாட்டேன், மிஸ்டர் மேனேஜர். அவன் கூப்பிட்டால் வருவேன்."

அந்தக் கார்டை இதற்குள் வைத்திருக்கிறேன். உறையில் பெயர் எழுதவில்லை. அது நீ எழுதவேண்டியது.

புத்திமதி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் நான் தகப்பன் இல்லை என்று சந்தேகப்படுவாய். ஆகவே சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லு, முதலில் கொஞ்சம் கூசும், எனக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் பழக்கம் ஆகிறது. ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க முதல் மதுராவிடம் காட்டு. உன்னிடம் ஒருவர் நேர்மையாக ஒன்றைத் தந்தால், வேண்டும் அல்லது வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லு, அவரை வாசலில் நிற்கவைத்து உன் பெறுமதியை அளக்காதே. இந்தச் சனிக்கிழமையிலிருந்து ஒருவருக்கும் வரிப் படிவம் நிரப்புவதில்லை என்று சிவாவின் கடையில் எழுதி ஒட்டிவிட்டேன். நானூற்று எண்பத்தெட்டுக் கார்டின் பின்பக்கத்திலும் உன் அம்மா கடைச் சாமான் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டாள்.

உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். நீ என்னோடு கத்தவேண்டும் போல இருந்தாலும் போன் எடு, கத்தாமல் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு நின்றாலும் எடு. கலியாணத்தில் என் பக்கத்தில் நிற்க விருப்பமில்லை என்று சொல்லத்தான் என்றாலும் எடு. ஆனால் முதலில் மிக்குக்கு எடு. கேட்கிற காது வலப்பக்கம், ஆறுதலாகப் பேசு. அதற்குப் பிறகு எனக்கு. போனை இப்போது வேட்டி மடியில் வைப்பதில்லை, சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன், கோயிலிலும்தான். முதல் மணியிலேயே எடுப்பேன்.

அப்பா